கரியின் மேல் பல்லேடியம்

ஜூன் 12, திங்கள்

இன்றும் என் சோதனை ஓட்டம் ஆறு மணி நேரம் பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. குடுவையில் அமிலம் மிச்சம் இருக்கிறது. சூடு ஐம்பத்தைந்து டிகிரியில் அசையாமல் நிற்கிறது. குமிழி மட்டும் வரவில்லை.

நேற்று அத்தை, என் மாமியார், கேட்டார்: "அஞ்சு வருசமா அங்க அப்படி என்னதான் செய்யுத?" ஹைட்ரஜனை சிலிண்டரில் அடைத்து எடுத்துப் போவது ஆபத்து, அதை ஒரு திரவத்துக்குள் வைத்துக் கொண்டுபோய், வேண்டிய இடத்தில் வெளியே எடுத்துக்கொள்ளலாம் என்றேன். எறும்பு கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அந்த ஃபார்மிக் அமிலம்தான் திரவம். கரித்தூளின் மேல் பல்லேடியம் என்ற உலோகத்தைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக ஒட்டவைத்து அதில் போட்டால், ஹைட்ரஜன் குமிழ் குமிழாக வரும். "அதான் வந்துட்டுல்லா, பெறகு என்ன?" என்றார். வருகிறது, நின்றுவிடுகிறது. அதுதான் பிறகு.

லேப்புக்குப் புதிதாக ஒரு ஸ்காலர் வந்திருக்கிறாள். என் கைடு ஞானதிரவியம் சார் அவரே அழைத்துக்கொண்டு வந்தார். "கோமதி, இது முனீஸ்வரி. சாயல்குடிப் பக்கம். கொஞ்சம் கூட இருந்து பார்த்துக்கோம்மா." ஒல்லியான பெண். இருபத்துநாலு வயது இருக்கும். கையில் கனமான கட்டைப்பை. ஊரிலிருந்து ஏதோ தின்பண்டம் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திறந்தால் கரி.

"எங்கய்யா கரிமூட்டம் போடுறாகக்கா. சீமக்கருவேலங் கரி. இன்டர்வியூல சார் கேட்டாக, கொண்டாறேன்னு சொல்லியிருந்தேன்."

என் டேபிளில் வைத்தாள். இரண்டு முறை துடைக்க வேண்டியிருந்தது.

ஜூன் 21, புதன்

எட்டரைக்குப் போனேன். அதற்கு முன்பே வந்து பெருக்கி முடித்திருந்தாள். என் பக்கத்தையும்.

ஜூலை 3, திங்கள்

பாதுகாப்புப் பயிற்சிப் படிவம் இன்று கடைசி நாள். பதினான்கு விஷயங்கள். சீனியர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்காட்டி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது வரை சொன்னேன். பத்தைத் தொடங்கும்போது சார் கையில் ஒரு தாளோடு வந்தார். முனீஸ்வரி காரம் போட்டுச் சுட்டு, யூரியா சேர்த்துப் பதப்படுத்திய அந்தக் கருவேலங் கரியின் பரப்பளவு வந்திருக்கிறதாம். ஒரு கிராமுக்கு ஆயிரத்து நானூறு சதுர மீட்டர். ஜெர்மனியிலிருந்து வரவழைத்த என் கரி தொள்ளாயிரத்துச் சொச்சம்.

"விறகுக் கரிம்மா இது, பாரேன்" என்று என்னிடம்தான் காட்டினார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்து மூன்று வருடம் இருக்கும். கடைசியாக அது வந்தது என் முதல் கட்டுரை ஏற்கப்பட்ட அன்று.

அவர் போன பிறகு அவள், "பத்துலருந்து சொல்லுங்கக்கா" என்றாள். மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அலுவலகத்தில் படிவத்தை இன்றே கேட்டார்கள். பதினான்கிலும் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். அவளும் போட்டாள்.

ஜூலை 4, செவ்வாய்

தலைவலி. போகவில்லை.

ஜூலை 14, வெள்ளி

முனீஸ்வரியின் முதல் ஓட்டம் பத்தொன்பது மணி நேரம் போயிருக்கிறது. நேற்று மதியம் ஒரு மணிக்கு ஆரம்பித்தாள். இன்று காலை எட்டு மணிக்குத்தான் குமிழி நின்றது.

முதல் தடவை கையை வைத்ததும் இப்படி வராது. அவள் டீ குடிக்கப் போன நேரத்தில், குழாய் சேரும் இடங்களிலெல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். வெளிக்காற்று உள்ளே போகிறதோ என்னவோ. எங்கும் கசிவு இல்லை. வாயு சேரும் அளவுக்குழாயில் கோடுகளை எண்ணினேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். ஏமாற்றமாக இருந்தது என்று எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

வந்ததும், "என்னக்கா, எதுவும் தப்பா மாட்டியிருக்கேனா?" என்றாள்.

"இல்ல. நல்லாத்தான் மாட்டியிருக்க."

சந்தோஷப்பட்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 20, வியாழன்

டெல்லியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சார் வழக்கமாக விருந்தினரை என் டேபிளில்தான் நிறுத்துவார். "கோமதி, என்னுடைய மூத்த ஸ்காலர்" என்று ஆரம்பிப்பார். இன்று என்னைத் தாண்டிப் போனார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்தது வீணாகத் தெரியக் கூடாதே என்று அலமாரியைத் திறந்து ஒரு குடுவையை எடுத்தேன். தேவையில்லாத குடுவை. அதைக் கழுவினேன்.

அங்கே சார் சொல்லிக்கொண்டிருந்தார்: "தெற்குச் சீமை முழுக்க வேண்டாத மரம் இது. ஊரே வெட்டித் தள்ளுது. எங்க கரிக்காரி அதுலருந்து ஹைட்ரஜன் எடுக்கிறா." வந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

மரத்திலிருந்து அல்ல, அமிலத்திலிருந்துதான் ஹைட்ரஜன் வருகிறது. சாருக்கே இது தெரியும்.

ஜூலை 29, சனி

ராத்திரிச் சாப்பாட்டில் இவர், "ஒரு மாசமா அந்தப் பிள்ளையப் பத்தியே பேசுத" என்றார். "குறைதானே சொல்லுதேன்" என்றேன். "அதான்" என்றார்.

அரிசி தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 9, புதன்

சென்னை மாநாட்டுக்கு எங்கள் லேப்பிலிருந்து ஒருவர்தான் பேசலாம். முனீஸ்வரியின் பெயர் போய்விட்டது. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உனக்கு இந்த வருஷம் தீஸிஸ் எழுதுற வேலை இருக்கு. உன் நேரத்தைக் கெடுக்க வேண்டாம்னு பார்த்தேன்."

"சரி சார்."

"தப்பா நினைக்கலையே?"

"இல்ல சார்."

வாயுவைப் பரிசோதிக்கும் கருவி என் பொறுப்பில் இருப்பதால், அவளுடைய வாயுவையும் நான்தான் ஏற்றிப் பார்க்க வேண்டும். என் வினையூக்கியான பல்லேடியக் கரியைச் சாகடிப்பது கார்பன் மோனாக்சைடு. அமிலம் வழிதவறி உடையும்போது அது துளித்துளியாக வந்து பல்லேடியத்தின் மேல் படிந்துகொள்ளும். அவள் வாயுவிலும் அது இருக்கும் என்று நம்பினேன். மூன்று முறை ஏற்றினேன். கோடு தரையோடு தரையாகப் போனது. ஒரு மேடுகூட இல்லை. யூரியாவிலிருந்து வந்த நைட்ரஜன்தான் கரியில் உட்கார்ந்து உலோகத்தைக் காவல் காக்கிறது போல. என் கரியில் நான் நைட்ரஜன் சேர்க்க நினைத்ததுண்டு. இரண்டு வருடம் முன்பு. நினைத்ததோடு சரி.

ஆகஸ்ட் 17, வியாழன்

கிளம்பும் நேரத்தில் முனீஸ்வரி வந்தாள். ஒரு முறை ஓடி முடிந்த வினையூக்கியை மீட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கச் சார் சொல்லியிருக்கிறாராம். "எப்படிக்கா எடுக்கிறது?"

வடிகட்டி, மெத்தனால் விட்டுக் கழுவினால் சீக்கிரம் காயும் என்றேன். "சரிக்கா" என்றாள். நான் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தபோது இன்னும் ஏதோ சொல்ல இருந்ததுபோல் இருந்தது. ஐந்தே காலுக்கு பஸ்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

பதினொன்றே முக்கால் மணி. நான் என் டேபிளில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் 'டுப்' என்று சின்னதாக ஒரு சத்தம். திரும்பினேன். அவள் வடிகட்டிக்கொண்டிருந்த புனலின் மேல் காற்று நெளிந்துகொண்டிருந்தது. மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. வடிதாளில் இருந்த கரி மட்டும் அடுப்புக் கங்குபோல் சிவந்திருந்தது. அவள் கத்தவில்லை. பக்கத்தில் திறந்திருந்த மெத்தனால் பாட்டிலை நகர்த்தத்தான் கையை நீட்டினாள். அது சாய்ந்து வலது கையின் மேல் கொட்டியது.

நான்தான் இழுத்தேன். தண்ணீர்க் குழாயின் கீழ் கையைப் பிடித்தேன். எதிர் லேப்பிலிருந்து ஓடிவந்தவர்கள் தீயணைப்பானை அடித்தார்கள். தண்ணீரின் கீழ் அவள் கையைப் பார்த்தேன். பார்த்ததை எழுதவில்லை.

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்திருந்தாள். "கரி எப்படிக்கா தானா பத்துச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

வேலை முடித்த பல்லேடியக் கரி ஹைட்ரஜனை உள்ளே வைத்துக்கொண்டிருக்கும். ஈரமாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. காய்ந்து காற்றுப் பட்டால் தானாகவே கனலும். மெத்தனால் பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீரில்தான் கழுவ வேண்டும், ஒரு நொடிகூடக் காயவிடக் கூடாது. படிவத்தில் பதினோராவது விஷயம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சார், "சொல்லிக் கொடுத்திருந்தியா கோமதி?" என்றார்.

"படிவத்துல இருக்கு சார்" என்றேன்.

ஆகஸ்ட் 19, சனி

அவளுக்குச் சொன்னதாகத்தான் நினைவு.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

விசாரணைக் குழு. மூன்று பேராசிரியர்கள். படிவத்தைக் காட்டினேன். இரண்டு கையெழுத்தும் இருக்கிறது. முனீஸ்வரியிடம் நேற்றே ஆஸ்பத்திரிக்குப் போய் வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள். அதை எனக்கு வாசித்துக்காட்டினார்கள்: "அக்கா எல்லாம் சொல்லிக் கொடுத்தார். நான்தான் மறந்துவிட்டேன்."

அவளுக்கு அப்படித் தோன்றியிருந்தால் அப்படித்தானே நடந்திருக்க வேண்டும்.

வெளியே வந்தபோது குழுவின் தலைவி, "நல்ல பொண்ணு. யார் மேலயும் பழி போடலை" என்று சாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் கட்டோடு படுத்துக்கொண்டும் அவள் நல்ல பெயர் வாங்குகிறாள். இப்படி ஒரு எண்ணம் எனக்கு வந்தது. வந்ததால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இவர் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார்.

"நீ அந்தப் பிள்ளைகிட்ட சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன்."

இவர் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் போனார். மூன்றாவது தோசை கல்லிலேயே தீய்ந்தது.

செப்டம்பர் 4, திங்கள்

முனீஸ்வரியை ஊருக்கு அழைத்துப்போய்விட்டார்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் மடங்க நாள் ஆகுமாம். மாநாட்டுக்குப் போகவில்லை.

அவளுடைய வேலையை என்னைத் தொடரச் சொல்லிவிட்டார் சார். "உன்னை விட்டா யாரும்மா?" இந்த வார்த்தைக்காக இரண்டு மாதம் ஏங்கியிருக்கிறேன். இன்று கேட்டபோது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

அவளுடைய ஆய்வு நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு நாளும் அறையின் சூடு, காற்றின் ஈரம், கரி எந்த மூட்டத்தில் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்பதுவரை எழுதியிருக்கிறாள். மூட்டத்தின் நடுக்கரி ஒரு மாதிரி, ஓரக்கரி ஒரு மாதிரியாம். பிழையாகப் போன ஓட்டங்களையும் அடிக்காமல் வைத்திருக்கிறாள். என் நோட்டில் பிழைகள் இல்லை. அந்தப் பக்கங்கள் இல்லை.

ஒரு பக்கத்து ஓரத்தில் பென்சிலில்: "கோமதி அக்காவிடம் கேட்க வேண்டும்." அதன் கீழே ஏழு கேள்விகள். ஐந்துக்கு எதிரே விடை எழுதியிருக்கிறது. நான் சொன்ன விடைகள். எனக்கே மறந்துபோனவை.

செப்டம்பர் 12, செவ்வாய்

அறுபத்தெட்டு மணி நேரம்.

சனிக்கிழமை மதியம் அவள் கடைசியாக எழுதிவைத்தபடியே, ஒரு எழுத்து மாற்றாமல் செய்து ஓட்டிவிட்டேன். நடுக்கரி. ஞாயிறன்றும் போய்ப் பார்த்தேன். நேற்றும் ஓடியது. இன்று காலை எட்டு மணிக்குத்தான் வேகம் குறைந்தது. குடுவைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கறுப்புத் தூளிலிருந்து ஒரு சரம்போல் குமிழிகள் ஏறிக்கொண்டே இருந்தன. ஐந்து வருடம் என் குடுவையில் நான் காண ஆசைப்பட்டது இது. அடுத்தவளுடைய கரியில், என் கையால் நடந்தது. அழுகை வந்தது. எதற்கு என்று தெரிந்தால் எழுதியிருப்பேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

சார் அறுபத்தெட்டு மணி நேரக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதைப் பெரிய பத்திரிகைக்கே அனுப்பலாம். எழுத ஆரம்பி. உன் பேரை முதல்ல போட்டுக்கோ."

"முனீஸ்வரி சார்..."

"அவ வரமாட்டா போலிருக்கும்மா. நேத்து அவங்க அப்பா பேசினார். படிப்பை நிறுத்திக்கிறேன்னு சொல்றாளாம். தனக்குக் கவனம் பத்தாது, லேப்புக்கு லாயக்கில்லைன்னு அவளே சொல்றாளாம். ரெண்டாவது பேரா போட்டுடலாம். கடைசி ஓட்டம் நீ பண்ணினது. நியாயம்தான்."

முதல் பெயர். ஞானதிரவியம் சாரின் லேப்பிலிருந்து, பெரிய பத்திரிகையில், கோமதி என்று ஆரம்பிக்கும் ஒரு வரி. பிறகு எந்த ஊரிலும் வேலை கேட்கலாம். அவளாக நிறுத்துகிறாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

இவரிடம் சொன்னேன். "நல்லது" என்றார். நான் இன்னும் ஏதாவது சொல்வேனோ என்று பார்த்தார்.

செப்டம்பர் 17, ஞாயிறு

கட்டுரைக்குத் தேதிகள் வேண்டியிருந்ததால் இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். ஜூலை 3.

'ஒன்பது வரை சொன்னேன்.'

என் கையெழுத்துதான். அதன் கீழே 'தலைவலி. போகவில்லை.' அன்று எனக்குத் தலைவலி இருந்ததா என்பதுகூட இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 17-ஐயும் படித்தேன். 'இன்னும் ஏதோ சொல்ல இருந்ததுபோல் இருந்தது.' ஏதோ இல்லை. என்னவென்று எனக்குத் தெரியும். வாசலில் நின்றபோதே தெரியும். மெத்தனால் என்று சொன்னபோதே தெரியும். என் முதல் வருடத்தில் என் வடிதாளும் ஒரு நாள் கனன்றிருக்கிறது. ஓரம் கருகியதோடு போயிற்று. அவளுக்கும் ஓரம் கருகட்டும், அந்த ஒரு தடவைக் கரி பாழாகட்டும், சார் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு ஒரு நாளாவது போகட்டும் என்று நினைத்தேன். கை வெந்துபோகும் என்று நினைக்கவில்லை. அதை மட்டும் சத்தியமாகச் சொல்வேன். அதனால் ஆவது ஒன்றும் இல்லை.

இரண்டு பக்கங்களையும் கிழித்துவிட்டால் உலகத்தில் வேறு சாட்சி இல்லை. அவளே எனக்குச் சாட்சி. கிழிப்பதற்காக ஓரத்தை மடித்துக்கூட வைத்தேன். மடிப்பு அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 23, சனி

காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறி, அருப்புக்கோட்டையில் மாறி, சாயல்குடியில் இறங்கி அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் கருவேலம். ஊருக்கு வெளியே பொட்டலில் மண் பூசிய கூம்புகள், மேலே மெலிசாகப் புகை. அதுதான் மூட்டம் என்று ஆட்டோக்காரர் சொன்னார்.

முனீஸ்வரியின் அப்பா பெயர் கருப்பையா. புருவம்வரை கரி படிந்த மனிதர். "வா தாயி, உள்ள வா. உங்களப் பத்தித்தேன் எந்நேரமும் பேசுவா" என்றார். அவள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள். வலது கையில் இறுக்கமான உறை. இளைத்திருந்தாள். அவள் அம்மா டீ போட உள்ளே போனார்.

கருப்பையாவே பேச்சை ஆரம்பித்தார்.

"மூட்டத்தப் பிரிக்கையில உள்ள கங்கு இருக்கும் தாயி. காத்துப் பட்டுச்சுன்னா குப்புன்னு பத்திக்கிரும். தண்ணி ஊத்தி ஊத்தித்தேன் பிரிக்கணும். நாலு வயசுல இவளுக்குத் தெரியும் அது. ஊருல சிரிக்கிறாய்ங்க, கரிக்காரன் மக கரியில சுட்டுக்கிட்டாளாம்னு."

"அய்யா, விடுங்க" என்றாள் முனீஸ்வரி. என் பக்கம் திரும்பி, "அதாங்க்கா எனக்கு ஆறவே மாட்டேங்குது. நீங்க சொல்லிக் குடுத்துருக்கீக. கையெழுத்தும் போட்டுருக்கேன். ஆனா எவ்வளவு யோசிச்சாலும் நீங்க சொன்னது ஞாபகத்துக்கு வரல. சொன்னதே மறந்துபோற மண்டைய வச்சுக்கிட்டு நான் எப்படிக்கா லேப்புல நிக்க? நாளைக்கு வேற யாரையாச்சும் கொளுத்திருவேன்."

பஸ்ஸில் மூன்று மணி நேரம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். வந்தது இதுதான்:

"உனக்கு மறக்கல. நான் சொல்லவே இல்ல."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"ஒன்பதோட நிறுத்திட்டேன். பதினாலுக்கும் டிக் போட்டது நான். நீ எப்படி வடிகட்டணும்னு கேட்டப்ப மெத்தனால்னு தெரிஞ்சேதான் சொன்னேன். காயக் கூடாதுன்னும் தெரியும். சொல்லல."

"ஏன்க்கா?"

"பொறாமை."

"என்மேலயா?"

அதை அவள் கேட்ட விதம் இன்னும் காதில் இருக்கிறது. கோபம் இல்லை. அப்படி ஒன்று நடக்க முடியும் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. பிறகுதான் முகம் மாறியது. தன் கையை ஒரு முறை பார்த்தாள். "ஒரு மாசமா எனக்குக் கிறுக்குப் பிடிச்சுருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள், மெதுவாக. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அம்மா டீ தம்ளரோடு வந்தவர், அதை என்னிடம் கொடுக்காமல் அப்படியே திரும்பிப் போனார்.

கருப்பையா ரோடு வரைக்கும் கூட வந்தார். ஆட்டோ வந்து நின்றதும் சொன்னார்:

"நீங்க வந்து சொன்னதுனால எம் மக படிக்கப் போயிருவா. அது எனக்குத் தெரியும். அதுக்காக உங்கள நான் நல்லவுகன்னு சொல்ல மாட்டேன்."

வரும்போது தாயி. போகும்போது அது இல்லை.

செப்டம்பர் 25, திங்கள்

எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டு சாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"முடிஞ்சுபோன விஷயம். குழுவே அறிக்கை குடுத்தாச்சு. இதை எடுத்துட்டுப் போம்மா."

"அவகிட்ட சொல்லிட்டேன் சார்."

சார் தாளை எடுத்து டிராயரில் வைத்தார். "இத்தனை நாள்ல உன்கிட்ட ஒரு வார்த்தை நல்லபடியா சொல்லாம இருந்துட்டேனோ?" என்று கேட்டார். அதில் தொங்கிக்கொள்ள ஆசையாக இருந்தது. "அது காரணம் இல்ல சார்" என்றேன்.

அக்டோபர் 19, வியாழன்

குழுவின் முடிவு: ஆறு மாதம் லேப்பில் நுழையக் கூடாது. தீஸிஸ் சமர்ப்பிப்பது ஒரு வருடம் தள்ளிப்போகிறது. இனி ஜூனியர் யாருக்கும் நான் பயிற்சி கொடுக்க முடியாது. சாவியை ஒப்படைத்துவிட்டேன்.

இவர் பாகற்காய் வாங்கிவந்திருந்தார். நறுக்கிக் கொடுத்தார்.

அக்டோபர் 30, திங்கள்

முனீஸ்வரி வந்துவிட்டாளாம். கேண்டீனில் சொன்னார்கள். இடது கையால் எழுதப் பழகுகிறாளாம்.

நவம்பர் 23, வியாழன்

நூலகம். மூன்றாவது அத்தியாயம். என் ஆறு மணி நேர வினையூக்கி ஏன் செத்தது என்பதைப் பற்றி நாற்பது பக்கம். இந்த முறை பிழையாகப் போன ஓட்டங்களையும் சேர்க்கிறேன். பாதிக்கு மேல் குப்பையில் போட்டிருக்கிறேன். நினைவிலிருந்து எழுத முடியாது. இருப்பதை எழுதுகிறேன்.

லேப் ஜன்னலில் விளக்கு எரிந்தது. பார்க்காமல் வர முடியவில்லை. அவளுடைய ஓட்டம் நூறு மணி நேரத்தைத் தாண்டிவிட்டதாம்.

டிசம்பர் 11, திங்கள்

நூலகத்தில் என் மேஜைக்கு எதிரே ஒருவர் வந்து நின்றார். நிமிர்ந்தால் முனீஸ்வரி. சாயல்குடிக்குப் போய்வந்த பிறகு இன்றுதான் பார்க்கிறேன். உட்காரவில்லை. ஒரு கட்டுத் தாளை வைத்தாள். கட்டுரை.

முதல் பெயர் அவளுடையது. இரண்டாவது என்னுடையது. மூன்றாவது சார்.

"என் பேரை எடுத்துரு" என்றேன்.

"அறுபத்தெட்டு மணி நேர ஓட்டம் நீங்க பண்ணுனது. அந்தப் படம் உள்ள இருக்கு. உங்க பேர எடுத்தா அது யாரு பண்ணுனதுன்னு நான் பொய் எழுதணும். அதெல்லாம் என்னால முடியாது."

"உங்க அய்யா என்ன சொல்வாரு?"

"அவுககிட்ட கேக்கல. இது லேப்பு விஷயம்."

பேனாவைத் திறந்து என் முன்னால் வைத்தாள். இடது கையால். கட்டின் அடியில் இருந்த ஆசிரியர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். போடுவதற்கு முன் கட்டுரையையும் படிவத்தையும் முழுக்கப் படித்தேன், அவள் காத்திருந்தாள். வலது கைச் சுட்டுவிரல் பாதிதான் மடங்குகிறது. தாள்களை அடுக்கும்போது தெரிந்தது.

"முனீஸ்வரி" என்றேன்.

"மன்னிப்புக் கேக்காதீங்கக்கா. கேட்டா எனக்கு ஏதாச்சும் சொல்லணும். எனக்கு ஒண்ணும் சொல்ல வரல." தாள்களைப் பையில் வைத்துக்கொண்டாள். "ஏப்ரல்ல நீங்க லேப்புக்கு வருவீகளாம். எதிர்ப் பக்கத்து டேபிள எடுத்துக்கங்க. உங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு என்னால வேல பாக்க முடியாது."

"சரி."

போய்விட்டாள். அக்கா என்றுதான் சொன்னாள். பழக்கமாக இருக்கும்.

கட்டுரை நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. எங்கும் ஒரு வார்த்தை அதிகம் இல்லை. மூட்டத்தின் நடுக்கரிக்கும் ஓரக்கரிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே பத்தியில் சொல்லியிருக்கிறாள். எனக்கு வந்திருக்காது. படித்துக்கொண்டிருந்தபோதே பிழை தேடினேன், ஜூலையில் சோப்பு நுரை தடவித் தேடியதுபோல. சொல்லிவிட்டால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. அவள் கரிமேலும் எழுத்துமேலும் இருந்தது போதாதென்று, இப்போது பேனாவைத் திறந்து வைத்த அந்த நேர்மையின் மேலும் பொறாமையாக இருக்கிறது.

இரண்டாவது பெயர் எனக்குச் சரியான இடம்தான். தேதி போட்டு எழுதிவைக்கிறேன்.